மாப்ளே, அந்தச் செடியைக் கொஞ்சம் சும்மா விடுங்க

மாப்ளே, வில்பட்டிப் பக்கம் அஞ்சு சென்ட் வாங்கி வீடு கட்டிட்டீங்க. ரொம்பச் சந்தோசம். சிவப்பு ஓடு, வெள்ளைச் சுவர், கேட்டுத் தூணுக்கு மேல ரெண்டு சிங்கம். மதுரையில ஏசியைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மனுசன், மாசத்துக்கு ஒருக்கா கொடைக்கானல் ஏறி வந்து ஸ்வெட்டர் போட்டுக்கிறதுக்கு ஒரு இடம் வேணும்தான். அதை நான் குத்தம் சொல்லல. வீட்டைச் சுத்தி ஹைட்ரேஞ்சியா வைக்கணும்னு ஒரு ஆசை வந்துச்சு பாருங்க, அப்பவாவது இந்தக் கிழவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வயசு பூரா பங்களாத் தோட்டத்துல மண்ணைக் கிண்டினவன், சொந்தக்காரனா வேற போயிட்டான், கேட்டா காசு கேட்க மாட்டான். காசு கேட்காதவன் பேச்சுல நம்பிக்கை எங்க வரும்? அதனால போன்ல பார்த்துக் கத்துக்கிட்டீங்க. கையுறை மாட்டின ஒரு வெள்ளைக்காரம்மா இங்கிலீசுல எல்லாம் சொல்லிக் கொடுத்துச்சாம். அந்தம்மா ஊர்ல முழங்கால் அளவுக்குப் பனி கொட்டும். நம்ம ஊர்ல கொட்டுறது மழையும் டூரிஸ்டும்தான்.

இந்த மலையில அந்தச் செடிக்கு ஆளே தேவையில்ல மாப்ளே. நாயுடுபுரம் போற வழியில, பூட்டிக் கிடக்கிற பழைய பங்களா ஒவ்வொண்ணுலயும் வேலியோரம் எட்டிப் பாருங்க. ஒருத்தரும் தண்ணி ஊத்தினதில்ல, உரம் வச்சதில்ல, தட்டிக் கொடுத்ததில்ல. ஆள் உசரத்துக்கு நின்னு, தலை தலையா நீலமாப் பூத்துத் தொங்குது. சொந்தக்காரன் எந்த நாட்டுல இருக்கானோ தெரியாது, செடி சௌக்கியமா இருக்கு. நீங்க மாசம் தவறாம வந்து அக்கறையாப் பார்த்துக்கிறீங்க, உங்க செடி வாடிப்போய் நிக்குது. இதுல இருந்து நான் ஒண்ணும் சொல்ல வரல.

முதல்ல அந்த மதுரைத் தொட்டி விவகாரத்தை முடிச்சிருவோம். எங்க அண்ணன் மக, உங்க வீட்டம்மா, பாவம், ஒரு தடவை இங்க இருந்து பூவோட ஒரு தொட்டியை வாங்கிக் கார்ல மடியில வச்சுக் கொண்டுபோச்சு. ஒரு மாசம் பூ இருந்துச்சு. அப்புறம் இலை மட்டும். இலையும் நல்ல பச்சையா, கைப்பிடி அகலத்துக்கு. ரெண்டு வருசமா பூவே இல்ல, சித்தப்பா, செடி மலடா போச்சான்னு கேக்குது. செடி மேல பழி போடாதீங்க. இந்தச் செடி பூமொட்டு கட்டணும்னா 18 டிகிரிக்குக் கீழ குளிர் வேணும், அதுவும் ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, சுமார் 6 வாரம். மதுரையில தை மாசத்துல கூட அந்தக் குளிர் அத்தனை நாள் நிக்காது. கடையில பூவோட விக்கிற தொட்டியெல்லாம் குளிர்ல வளர்ந்து மொட்டு கட்டி, பூக்குற நேரம் பார்த்து வண்டியில ஏத்தினது. அது கொண்டுவந்த சரக்கு தீர்ந்ததும் கடையைச் சாத்திருச்சு. மாடியில நிழல்வலை கட்டினாலும் சரி, பக்கத்துல ஐஸ் கட்டி வச்சாலும் சரி (வச்சுப் பார்த்தீங்கன்னு கேள்விப்பட்டேன், சிரிக்கல), அது இனி இலை மட்டும்தான் கொடுக்கும். இலையை வச்சு எதுவும் சமைச்சுராதீங்க, அந்தக் கதையைப் பின்னாடி சொல்றேன்.

சரி, நம்ம மலைக்கு வருவோம். உங்க பெரிய மனக்குறை என்ன? செடிக்காரன்கிட்ட நீலம்னு சொல்லி வாங்கினேன், நட்டதும் ரோசாப் பூத்திருச்சு, ஏமாத்திட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறீங்க. அந்த ஆளு ஏமாத்தல மாப்ளே. ஏமாத்தினது உங்க கொத்தனார்.

எப்படின்னு கேளுங்க. இந்தப் பூவோட சாயம் நீலத்துக்கும் ரோசுக்கும் ஒண்ணேதான். அதுகூட அலுமினியம் போய்ச் சேர்ந்தா நீலம், சேராட்டி ரோசு. அலுமினியம் எந்த மண்ணுலயும் ஏராளமாக் கிடக்கு. ஆனா மண்ணுல புளிப்பு இருந்தாத்தான் அது கரைஞ்சு வேருக்கு எட்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில படிக்கிற என் பேத்தி இதை நம்பரா சொல்லும்: பி.எச். 5.5-க்குக் கீழ இருந்தா நீலம், 6.5-ஐத் தாண்டினா ரோசு, நடுவுல மாட்டிக்கிட்டா ஊதா. நம்ம மலை மண்ணு இயல்பாவே புளிச்ச மண்ணு. உருளைக்கிழங்குக்கும் பூண்டுக்கும் நாங்க சுண்ணாம்பு வாங்கிப் போட்டு அந்தப் புளிப்பை அடக்க வேண்டியிருக்கு. அப்படிப்பட்ட மண்ணுல நீங்க நீலம் கேட்டு ரோசு வாங்கியிருக்கீங்கன்னா, அது லேசுப்பட்ட சாதனை இல்ல.

அடுத்த தடவை பூக்கும்போது உங்க காம்பவுண்டுச் சுவர் ஓரமாப் போய்க் குனிஞ்சு பாருங்க. குனியறதுக்கு வயிறு இடம் கொடுத்தா. சுவரை ஒட்டின செடியில, சுவர்ப் பக்கத்துக் கொத்து ரோசா இருக்கும். அதே செடியில வெளிப்பக்கம் நீட்டின கொம்புல ஊதா ஏறியிருக்கும். ரெண்டடி தள்ளி நிக்கிற செடி பாதிக்கு மேல நீலம். சுவர் புதுசு. மழை பெய்யப் பெய்ய சிமெண்ட்ல இருக்கிற சுண்ணாம்பு கசிஞ்சு அடி மண்ணுக்கு இறங்குது. போதாததுக்கு, கொத்தனார் சாயங்காலம் சாயங்காலம் சட்டியும் கரணையும் கழுவினது அந்த மூலையிலதான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்லியிருக்கலாம். ஆனா அன்னைக்கு நீங்க என்கிட்ட, பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, டைல்ஸ் இறக்கணும்னு சொன்னீங்க. தள்ளி நின்னுட்டேன்.

அதுக்கப்புறம் நீலம் வர வைக்கிறேன்னு நீங்க பண்ணின வைத்தியம் எல்லாம் வாட்ச்மேன் சொல்லித் தெரியும். துருப்பிடிச்ச ஆணியை அரைக்கிலோ வாங்கி வேர்ல புதைச்சீங்களாம். துரு இரும்பு மாப்ளே, செடி கேக்குறது அலுமினியம். கடைசியில உங்களுக்குக் கிடைச்சது ரோசாப் பூவும், காலைக் குத்துற ஆணியும்தான். அடுத்து காபிச் சக்கையைக் கொட்டினீங்க. அது குப்பையாச் சேர்ந்து மண்ணுக்கு நல்லதுதான், வேணாம்னு சொல்லல. ஆனா பில்டர்ல வடிச்சுக் குடிச்ச சக்கையில புளிப்பு எங்க மிச்சம் இருக்கு? அதை நீங்கதான் குடிச்சிட்டீங்களே. அப்புறம் பைன் சருகு போட்டா மண்ணு புளிச்சிரும்னு யாரோ சொன்னாங்களாம். சருகு மூடாக்குக்கு அருமையான சாமான், ஈரம் காக்கும், களை அடக்கும். நிறத்தை மாத்துற அளவுக்கு அதுக்குச் சக்தி கிடையாது.

நிஜமாவே நீலம்தான் வேணும்னா, உரக்கடையில அலுமினியம் சல்பேட் கேளுங்க. 4 லிட்டர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி கரைச்சு, முந்தின நாளே நல்லா நனைஞ்ச மண்ணுல ஊத்தணும். காஞ்ச மண்ணுல ஊத்தினா வேர் வெந்துரும். நிறைய போட்டாலும் வெந்துரும். ஒரு கரண்டிக்கு நீலம்னா பத்துக் கரண்டிக்குக் கருநீலம்னு உங்க ஆபீஸ் கணக்கு இங்க செல்லாது. துளிர் விடுற காலத்துல ரெண்டு மூணு தடவை போதும். பலன் இந்தப் பூவுல தெரியாது, அடுத்த பூவுலதான். கந்தகத் தூள் போட்டாலும் மண்ணு புளிக்கும், ஆனா மண்ணுல உள்ள நுண்ணுயிர் அதைத் தின்னு மாத்தி எடுக்க மாசக்கணக்காகும். இதையெல்லாம் செஞ்சுட்டு, நிறையப் பூக்கட்டும்னு சூப்பர் பாஸ்பேட்டையும் எலும்புத் தூளையும் அள்ளிப் போட்டீங்கன்னா மறுபடியும் ரோசுதான். மணிச்சத்து மண்ணுல கூடினா அலுமினியத்தைப் பிடிச்சுக் கட்டிப் போட்டுரும். அடுப்புச் சாம்பலும் அப்படித்தான், புளிப்பை முறிக்கும். போர்த் தண்ணி உப்புக் கனமா இருந்தாலும் மெல்ல மெல்ல ரோசுப் பக்கம் இழுத்துட்டுப் போகும், மழைத்தண்ணியைப் பிடிச்சு வச்சு ஊத்துங்க. இல்லையா, ரொம்பச் சுலபமான வழி ஒண்ணு இருக்கு. செடியைச் சுவரை விட்டு நாலடி தள்ளி நடுங்க. ஆனா அதுல செலவே இல்லையே, உங்களுக்குப் பிடிக்காது.

இன்னொண்ணு, வாசல்ல ஒரு வெள்ளைச் செடி நிக்குது. அதுக்கும் அலுமினியம் ஊத்தி நீலமாக்கப் போறேன்னு வாட்ச்மேன்கிட்ட சொன்னீங்களாம். அந்த வெள்ளையில சாயமே கிடையாது, அமிலத்தை ஊத்தினாலும் சுண்ணாம்பை ஊத்தினாலும் வெள்ளையாத்தான் பூக்கும். வயசாக வயசாக லேசா பச்சையோ ரோசோ படரும், அவ்வளவுதான். அதை விட்டுருங்க.

தண்ணி விசயம். மதுரையில உட்கார்ந்துக்கிட்டு, இங்க இருக்கிற கேமரா வழியா ஹைட்ரேஞ்சியாவைப் பார்க்கிறீங்க. மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல இலையெல்லாம் தொங்கிருது. உடனே வாட்ச்மேனுக்கு போன். அவன் பாவம், சோத்துத் தட்டை வச்சிட்டு ஓடிப்போய் ஒரு குடம் ஊத்துறான். இந்தச் செடிக்கு இலை பெருசு, வெயில் ஏறினா வேர் இழுக்கிறதை விட இலை வழியாப் போற தண்ணி கூட. அதனால தலையைத் தொங்கப் போடும். சாயங்காலம் தானா நிமிர்ந்துக்கும். அஞ்சு மணிக்கும் நிமிரலன்னா மண்ணைத் தோண்டிப் பாருங்க, விரல் முழுசும் இறங்கின ஆழத்துல காஞ்சிருந்தா ஊத்துங்க. ஈரமா இருந்தும் தொங்குதுன்னா வேர் அழுக ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், அதுக்கு மேல ஊத்துற ஒவ்வொரு குடமும் கருமாதித் தண்ணி. ஊத்துறதையும் இலை மேல பீச்சி அடிக்காம அடியில ஊத்தச் சொல்லுங்க. இலை நனைஞ்சே கிடந்தா கரும்புள்ளி விழும்.

இடம் எதுன்னு கேட்டா, காலை வெயில் படணும், மத்தியான வெயில் படக்கூடாது. வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் உத்தமம். யூகலிப்டஸ் மரத்தடியில வைக்காதீங்க, அது வேர் விட்டு எல்லாத் தண்ணியையும் குடிச்சிரும். ஒரேயடியா நிழல்ல வச்சா இலை தழைக்கும், பூ வராது. யூரியா போட்டாலும் அதே கதை. குழிக்கு மக்கின சாணமும் இலைமக்கும் போதும்.

இனி நான் சொன்ன இலைக் கதை. போன மாசம் உங்க கூட்டாளிங்களுக்கு விருந்து வச்சப்ப, எங்க அண்ணன் மக ஹைட்ரேஞ்சியா இலையைக் கழுவி தட்டுக்கு அடியில விரிச்சு, அதுமேல கட்லெட் வச்சுக் கொடுத்துச்சு. போட்டோ அழகா இருந்துச்சு, எனக்கும் வந்துச்சு. 2008-ல ஜப்பான்ல ஒரு உணவகத்துல அலங்காரத்துக்கு வச்ச இதே இலையைச் சாப்பாடுன்னு நினைச்சுத் தின்னவங்க வாந்தியும் தலைச்சுத்தலுமாப் படுத்துட்டாங்க. விசமுள்ள செடி மாப்ளே. பூவு, இலை, தண்டு எதையும் ஆடு மாட்டுக்கு ஒடிச்சுப் போடாதீங்க, நாய்க்குட்டி கடிக்காமப் பார்த்துக்கங்க. தொட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, தின்னாத்தான் ஆபத்து. அதே ஜப்பான்ல இதுக்கு ஒரு தங்கச்சி செடி இருக்கு, காட்டுல வளர்றது. அதோட இலையைப் பதப்படுத்தினா இனிப்பு வரும். அதைக் காய்ச்சி ஏப்ரல் 8-ஆம் தேதி, புத்தர் பிறந்த நாளுக்கு, குழந்தைப் புத்தர் சிலைக்கு அபிசேகம் பண்றாங்க. அதைக் கேட்டுட்டு நீங்க இதுல டீ போடக் கிளம்பிராதீங்க. அது வேற, இது வேற.

ஜப்பான்னு ஏன் வந்துச்சுன்னா, இதோட சொந்த ஊரே அதுதான். கடலோரக் காட்டுச் செடி. அங்க ஆனி மாசத்து மழையில பூக்கும், காமகுரான்னு ஒரு ஊர்க் கோயில்ல படிக்கட்டு ஓரம் பூரா நீலமா நிக்கும், சனம் குடை பிடிச்சுக்கிட்டுப் போய்ப் பார்க்கும். 1789-ல சீனாவுல இருந்து ஒரு செடி கப்பலேறி லண்டன் கியூ தோட்டத்துக்குப் போச்சு, ஜோசப் பேங்க்ஸ் துரை கொண்டுபோய்ச் சேர்த்தாரு. அதுக்கப்புறம் 1823-ல சீபோல்டுன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் நாகசாகிக்கு வந்தாரு, டச்சுக்காரங்க சம்பளத்துல. அங்க ஓ-டாக்கின்னு ஒரு பொண்ணோட குடும்பம் நடத்தினாரு. ஒரு பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. அந்தப் பிள்ளை பின்னாடி மேல்நாட்டு வைத்தியம் படிச்ச டாக்டரம்மாவா ஆயிருச்சு. வரைபடம் எல்லாம் வச்சிருந்தாருன்னு 1829-ல இவரை நாட்டை விட்டே விரட்டிட்டாங்க. ஐரோப்பா போய்ச் செடிகளைப் பத்திப் புத்தகம் எழுதினவரு, இந்தப் பூவுக்கு ஒட்டாக்சான்னு அந்த அம்மா பேரை வச்சாரு. அதுக்கு முன்னாடியே வேற பேர் இருந்ததால அறிவியல்காரங்க அதை ஏத்துக்கல, அது வேற விசயம். கடல் தாண்டிப் போனாலும் அந்த மனுசன் பூவுக்கு வீட்டுக்காரி பேரை வச்சான். நீங்க வீட்டுக்கு யார் பேரை வச்சிருக்கீங்கன்னு கேட்டுல பெருசா எழுதியிருக்கு, நான் படிச்சேன்.

பூ பூன்னு சொல்றோமே, அந்தக் கொத்துல நீங்க பார்க்கிற அகலமான நாலு நாலு இதழும் இதழே இல்ல. பூவுக்கு அடியில பச்சையா இருக்கணுமே, புல்லி, அதுதான் அகலமா வளர்ந்து நிறம் போட்டுக்கிட்டு நிக்குது. நிஜப் பூ நடுவுல கடுகளவு. உருண்டைக் கொத்துல அது ஒளிஞ்சு கிடக்கும், தட்டையாப் பூக்கிற ரகத்துல நடுவுல கூட்டமாத் தெரியும், சுத்தி மட்டும் பெரிய இதழ் நிக்கும். தேனீ வேணும்னா அந்தத் தட்டை ரகம் ஒண்ணு வைங்க. உருண்டைக் கொத்துல அதுக்கு வேலை கம்மி. புல்லியா இருக்கிறதாலதான் மாசக்கணக்கா உதிராம நிக்குது. கொத்தைச் செடியிலயே விட்டு, தொட்டா காகிதச் சத்தம் கேட்கிற பக்குவத்துல வெட்டித் தலைகீழாக் கட்டித் தொங்க விட்டா வருசம் பூரா வீட்டுல இருக்கும். புதுப் பூவை வெட்டி ஜாடியில வச்சு அது தொங்கிப் போச்சுன்னா, கொத்தோட தலையை ஒரு வாளித் தண்ணியில ஒரு மணி நேரம் முக்கிப் போடுங்க. காம்பு வழியா மட்டுமில்ல, இதழ் வழியாவும் தண்ணி குடிக்கிற பூ இது. நிமிர்ந்துரும்.

இனி காசு கொடுத்துச் செடி வாங்காதீங்க. ஆடி மழையில, பூக்காத இளங்கொம்பா ஒரு சாண் நீளம், கணுவுக்குக் கீழ வெட்டி எடுங்க. அடி இலையைக் கிள்ளிருங்க, மேல இருக்கிற ரெண்டு இலையையும் பாதியா நறுக்கிருங்க. ஆத்து மணலும் மக்குமாக் கலந்து ஊன்றி நிழல்ல வச்சா மூணு நாலு வாரத்துல வேர் பிடிச்சிரும். வேர்ப்பொடி கீர்ப்பொடி ஒண்ணும் வேணாம். கேட்டு வாங்கின கொம்பை விடக் கேட்காம ஒடிச்ச கொம்பு சீக்கிரம் வேர் விடும்னு எங்க காலத்துல சொல்வாங்க. அந்தப் பூட்டின பங்களாவுக்கெல்லாம் கேமரா கிடையாது. நான் ஒண்ணும் சொல்லல.

இப்ப வருவோம் முக்கியமான வழக்குக்கு. நிறம், தண்ணி எல்லாம் ஒரு பக்கம் இருக்க, இந்த வருசம் சித்திரை, வைகாசியில உங்க தோட்டத்துல ஒரு பூ கூட இல்ல. மலர்க் கண்காட்சிக்கு வந்த கூட்டம் பிரையன்ட் பூங்காவுல கிடக்க, உங்க வீட்டுல விருந்தாளிங்க பச்சை இலையைப் பார்த்துட்டுப் போனாங்க. ஏன்? தைப்பொங்கலுக்கு வந்தப்ப, செடியெல்லாம் இலை கொட்டிக் குச்சியா நிக்குது, அசிங்கமா இருக்குன்னு கத்தரிக்கோலை எடுத்தீங்க. மறுநாள் நான் வந்து பார்க்கும்போது பன்னெண்டு செடியும் ஒரே உசரத்துக்குக் கிராப்பு வெட்டி, பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கு வரிசையில நிக்கிற பயலுக மாதிரி நின்னுச்சு. இடுப்பு உசரம், மட்டமா, ரசமட்டம் வச்சுப் பார்த்தாப்புல. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு.

வெட்டிப்போட்ட குவியல்ல ஒரு குச்சியை எடுத்து நகத்தால கீறிப் பார்த்தேன். நுனியில சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு ஒரு மொட்டு, அரக்கு நிறம், தடிச்சு, கூர்மையா. மேல் செதிலை உரிச்சா உள்ள பச்சையா ரெண்டு குட்டி இலை கைகூப்பி நிக்குது. அதுக்கும் உள்ள, ஊசி முனையளவு, மணிமணியா, வைகாசியில வரவேண்டிய கொத்து முழுசும் சுருண்டு கிடந்துச்சு. கார்த்திகைக் குளிருக்கு முன்னாடியே செடி அதைக் கட்டி முடிச்சு, பத்திரமா மூடி வச்சிருச்சு. இந்தச் செடி பழைய கொம்புலதான் பூக்கும் மாப்ளே. போன வருசத்துக் கொம்பு, அதோட நுனி. நீங்க வெட்டினது குச்சி இல்ல, பூ. அதுக்கு மேல வெடிச்ச துளிர் மறுபடி முத்திக் கொம்பாகணும், மொட்டு கட்டணும், அதுக்கு நாள் வேணும்.

அந்த வெள்ளைக்காரம்மா பொய் சொல்லலங்கிறதையும் சொல்லிரணும். என் பேத்தி அந்த வீடியோவைப் பார்த்துச்சு. அந்தம்மா வெட்டினது அனபெல்னு ஒரு ரகம், அமெரிக்கக் காட்டுச் செடி வம்சம். அதுவும், கூம்புக் கூம்பாப் பூக்கிற பேனிகுலேட்டாவும் அந்த வருசத்துப் புதுக் கொம்புலயே பூக்கிற சாதி. பனிக்காலக் கடைசியில முழங்கால் உசரத்துக்கு வெட்டினாலும் அதுக்குப் பாதகமில்ல. உங்க வீட்டுல நிக்கிறது அகல இலைக்காரி. பேரு ஒண்ணுதான், குணம் வேற. எங்க அண்ணன் மக குணத்தைப் பார்த்துட்டு அதோட தங்கச்சியும் அப்படித்தான்னு நினைச்சீங்களே கல்யாணப் புதுசுல, அந்தத் தப்புதான் இது.

எப்ப வெட்டுறது? பூ முடிஞ்ச கையோட, ஆடி முடியறதுக்குள்ள. வாடின கொத்துக்குக் கீழ முதல் தடிச்ச சோடி மொட்டு எங்க இருக்குன்னு பார்த்து, அதுக்குக் கால் விரக்கடை மேல வெட்டினாப் போதும். செடி வயசாகி அடர்ந்து போச்சுன்னா, மரத்துப்போன கிழட்டுக் கொம்பை மட்டும், மூணுல ஒண்ணு, தரையோட அறுத்து எடுங்க. மத்ததைத் தொடாதீங்க. ஆடியைத் தவற விட்டுட்டீங்களா, அந்த வருசம் அப்படியே விட்டுருங்க. காஞ்ச கொத்து செடி மேல நின்னா அழகில்லன்னு நினைப்பீங்க. மார்கழி, தையில பள்ளத்துல உறைபனி விழுந்து விடியக்காலம் புல்லெல்லாம் வெள்ளையா நிக்கும்போது, அந்தக் காஞ்ச கொத்துதான் கீழ இருக்கிற மொட்டுக்குக் குடை பிடிக்குது. ஊட்டி தாவரவியல் பூங்காவுல உறைபனிக்கு மிலார்ச் செடியை வெட்டிக் கொண்டுவந்து நாத்துகளை மூடி வைக்கிறாங்க. அரசாங்கமே கூலி கொடுத்துச் செய்யிற வேலையை உங்க செடி தானாச் செஞ்சுக்குது, அதையும் வெட்டிட்டா எப்படி? பனி முடிஞ்சு, மாசிக் கடைசியில, காஞ்ச தலையை மட்டும் கிள்ளி எடுக்கலாம்.

உங்களுக்கு வேலை செய்யாம இருக்க முடியாதுன்னு தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கத்தான் வீடு கட்டினீங்க, வந்த உடனே கை பரபரங்குது. அதனால ஒரு ஏற்பாடு சொல்றேன். ஆவணி பொறந்ததும் அந்தக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து நம்ம வீட்டுல கொடுத்துட்டுப் போங்க. பூண்டுத் தாளை நறுக்க எனக்கும் ஒண்ணு வேணும். மாசிக் கடைசியில வந்து கேளுங்க, தர்றேன். அதுவரைக்கும் கை அரிச்சா, வாங்க, எங்க காட்டுல களை நிறையக் கிடக்கு.